தன்விவரக் குறிப்பும் ஆர்ஜவ அறமும்



தசலட்சண பருவத்தின் பத்து நாட்களில் இரண்டாம் நாள் மார்தவத்திற்கு உரியது. மூன்றாம் நாள் ஆர்ஜவத்திற்கு உரியது. மார்தவம் என்பது செருக்கின்மை. ஆர்ஜவம் என்பது மனம், மொழி, மெய் மூன்றும் கோணாமல் ஒரே வழியில் செல்வது. ஆலயத்தில் ஆண்டுதோறும் கேட்டுவரும் இவ்விரண்டு அறங்களும், ஒரு வெற்றுத் தாளின் முன் எழுதுகோலுடன் அமர்ந்திருக்கும் பெண்மணி ஒருவருக்கு எவ்வாறு துணை நிற்கும் என்பதே இன்றைய பொருள். வேலை வேண்டி நிறுவனத்திற்கு அனுப்பும் தன்விவரக் குறிப்புக்கான தாள் அது. பிள்ளைகள் ரெசியூம் என்று சொல்வதும் இதனையே.

தண்டையார்பேட்டையில் வாழும் ஓர் இல்லத்தரசியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் கற்பனை மாந்தரே. ஆயினும் இந்த அவையில் உள்ளோர் பலருக்கும் அவரைப் போன்ற மகளோ மருமகளோ இருக்கக்கூடும். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். மின்னணுவியலும் கருவியியலும் சேர்ந்த பொறியியல் பட்டம் பெற்றவர். 2010 முதல் 2015 வரை மணலிப் பகுதியில் ஓர் அளவுத்திருத்த ஆய்வகத்தில் பணியாற்றினார். ஆலைகளில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் கருவிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கும் பணி அது. தொழிலில் காலிபரேஷன் என்பர். 2015இல் குழந்தை பிறந்தது. பின்னர் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஓராண்டு என்று எண்ணிய விடுப்பு பத்தாண்டாக நீண்டது. இன்று குழந்தை ஐந்தாம் வகுப்பில் படிக்கிறது. மாமியார் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். பழைய தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இடம் அதற்கு ஏற்றதே. தண்டையார்பேட்டைக்குத் தெற்கே துறைமுகம். வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும். வடமேற்கே 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவரும் மணலி. அழுத்தமானி இல்லாத ஆலை இல்லை. அழுத்தமானி உள்ள இடமெல்லாம் அதனைச் சரிபார்ப்பவர் தேவை. அவர் வேலையை விட்டபோது இல்லாத மெட்ரோ இரயிலும் 2021 பிப்ரவரி முதல் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை ஓடுகிறது. வேலை இருக்கிறது; வழி இருக்கிறது; தாளில் என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

முதல் வரைவில் அவர் ஆண்டுகளையே விட்டுவிட்டார். ஐந்தாண்டு அனுபவம் என்று மட்டும் எழுதினார். எந்த ஐந்தாண்டு என்று எழுதவில்லை. அதனைப் படித்த உறவினர் ஒருவர், இது ஐயத்தைக் கிளப்பும் என்று சொல்லி வேறொரு வழி காட்டினார். 2015 முதல் 2025 வரை தனிநிலைத் தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். இரண்டாம் வரைவில் அந்த வரி ஏறியது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

அந்த உறக்கமின்மையே ஆர்ஜவம். அது மனச்சான்றின் குரல் மட்டுமன்று. உலகியல் அறிவும் அதன் பக்கமே நிற்கிறது. வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2014இல் யு.ஏ.என். என்னும் நிலையான எண்ணை அறிமுகப்படுத்தியது. பணியாளர் எந்த நிறுவனத்தில் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்பது அந்த எண்ணின்கீழ் பதிவாகிறது. பணியில் சேர்க்கும் முன் முந்தைய விவரங்களைச் சரிபார்ப்பது இன்று பல நிறுவனங்களின் வழக்கம். அங்கே பிடிபடாவிட்டாலும் நேர்காணலில், யாருக்கு ஆலோசனை வழங்கினீர்கள், எந்தக் கருவிக்கு, என்ன சிக்கல் என்ற மூன்று கேள்விகளில் அந்த வரி உதிர்ந்துவிடும். அதனோடு, உண்மையாக உழைத்த ஐந்தாண்டுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். ஒரு பொய் வரி பத்து மெய் வரிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

விடை அவருடைய தொழிலிலேயே இருந்தது. அளவுத்திருத்தம் செய்பவர், இந்தக் கருவியில் பிழையே இல்லை என்று சான்றிதழ் எழுதுவதில்லை. எந்த அளவில் எவ்வளவு விலகல் உள்ளது, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு ஐயப்பாடு உள்ளது என்று எண்ணாலேயே எழுதுகிறார். விலகல் தெரிந்த அழுத்தமானியை அந்த விலகலைக் கழித்துப் பயன்படுத்தலாம். விலகலை மறைத்த அழுத்தமானியோ கொதிகலன் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. பத்தாண்டு இடைவெளியும் அத்தகைய ஒரு விலகலே. அதனை ஒரே வரியில் எழுதிவிட்டால் படிப்பவர் அதனைக் கணக்கில் கொண்டு மேலே செல்வார். எழுதாவிட்டால் தாள் முழுவதிலும் அதனையே தேடுவார்.

மூன்றாம் வரைவில் அந்த வரி இவ்வாறு அமைந்தது: 2015–2025, குடும்பப் பராமரிப்பின் பொருட்டுப் பணி இடைவெளி. அவ்வளவே. மாமியாரின் நோய் விவரமோ, மன்னிப்புக் கோரும் தொனியோ, நெடுங்கதையோ தேவையில்லை. இல்லத்தைப் பேணியதற்கு மேலாண்மை இயக்குநர் என்பது போன்ற பெரும்பட்டம் சூட்டுவதும் வேண்டியதில்லை. இல்லறம் தன் பெயராலேயே மதிப்புடையது. இன்று இதனைச் சொல்வது முன்போல் அரிதும் அன்று. வேலை தேடுவோர் மிகுதியாகப் பயன்படுத்தும் லிங்க்டுஇன் தளம் 2022இல் பணி இடைவெளி என்பதற்கே தனி இடம் ஒதுக்கிவிட்டது.

பொய்யை விலக்கியாயிற்று. ஆனால் அடுத்த இடர் எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. உண்மையாகச் செய்த பணியையும் அவரால் எழுத முடியவில்லை. அளவுத்திருத்தப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன என்று எழுதினார். யார் மேற்கொண்டது என்று எழுதக் கை வரவில்லை. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. இங்கேதான் மார்தவம் பற்றிய தெளிவு வேண்டும்.

அந்தத் தெளிவைத் தமிழ்ச் சமணரின் பெருமைக்குரிய பவணந்தி முனிவரே தந்திருக்கிறார். சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க அவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் தற்புகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். எத்தனை துறைகளில் அரிய நூல்களை ஆக்கியவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்பது பொதுவிதி. ஆனால் அதனோடு அவர் நிறுத்தவில்லை. நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் சொல்கிறார். அரசவைக்கு எழுதி விடுக்கும் ஓலையில்; தம் ஆற்றலை அறியாதவர் நடுவில்; அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில்; எதிரி தம்மை இழித்துரைத்த வேளையில்.

இந்த நான்கனுள் முதலிரண்டும் தன்விவரக் குறிப்புக்கு அப்படியே பொருந்துவதைக் காணலாம். வேலை தரும் இடத்திற்கு விடுக்கும் ஓலை அது. படிப்பவர் விண்ணப்பதாரரின் ஆற்றலை ஒருபோதும் அறியாதவர். அங்கே மௌனம் பணிவாகாது. படிப்பவருக்கு வேண்டிய செய்தியை மறுப்பதாகவே முடியும். உள்ளதைக் குறைத்துக் கூறுவதும் ஆர்ஜவத்திலிருந்து விலகலே. அளவைக் குறைத்துக் காட்டும் மானியும் பிழையான மானிதானே? செருக்கு என்பது இல்லாததைச் சொல்வதிலும், பிறரைத் தாழ்த்திச் சொல்வதிலும் உள்ளது. செய்ததைச் செய்த அளவில் சொல்வது செருக்கு ஆகாது.

ஆகவே அந்த வரி திருத்தப்பட்டது. அழுத்தமானி, வெப்ப இணை, டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றை மாதம் சராசரியாக 60 என்ற அளவில் சரிபார்த்துச் சான்றிதழ் வரைவு தயாரித்தவர். வெளித்தணிக்கையின்போது பதிவேடுகளை விளக்கியவர். புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி அளித்தவர். இதில் ஓர் உரிச்சொல்கூட இல்லை. திறமையான, அர்ப்பணிப்புள்ள, கடின உழைப்பாளியான என்னும் சொற்கள் எல்லார் தாளிலும் இருப்பவை. அவற்றால் யாரும் அறியப்படுவதில்லை. பணியும் எண்ணிக்கையும் பேசினால் புகழ்ச்சி தேவைப்படாது.

நன்னூல் வேறொன்றையும் கற்பிக்கிறது. சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டிய செய்திகளுள் கேட்போர் யார் என்பதும் பயன் யாது என்பதும் அடங்கும். தன்விவரக் குறிப்பும் ஒருவகைப் பாயிரமே. இத்தாலியில் லியனார்டோ டா வின்சி 1482 அளவில் மிலான் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை வேண்டி எழுதிய மடல் இன்றும் பேசப்படுகிறது. போர்ச் சூழலில் இருந்த ஆட்சியாளருக்குத் தேவையான பாலங்கள், முற்றுகைக் கருவிகள் முதலியவற்றையே அவர் முதலில் அடுக்கினார். உலகம் அவரைக் கொண்டாடும் ஓவியத் திறனோ மடலின் கடைசியில்தான் வருகிறது. கேட்போர் அறிந்து எழுதுதல் என்பது இதுவே. எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் தாளில் அழுத்தக் கருவிகள் முன்னே நிற்கட்டும். மருத்துவக் கருவி நிறுவனத்திற்கு அனுப்பும் தாளில் நுண்ணளவுப் பணிகள் முன்னே வரட்டும். உண்மை மாறுவதில்லை, வரிசை மாறுகிறது.

இனி, பத்தாண்டில் தொழில் மாறிவிட்டதே என்னும் அச்சம். அச்சத்தில் பாதி நியாயமானது. ஆய்வகங்களின் தகுதிக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநெறியை அவர் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் பயின்றிருந்தார். 2017இல் புதிய பதிப்பு வந்துவிட்டது. இடர்களை முன்னறிந்து செயற்படும் நோக்கு அதில் வலுப்பெற்றுள்ளது. அதைவிடப் பெரிய மாற்றமும் நிகழ்ந்தது. பாரிசுக்கு அருகே காக்கப்பட்ட ஓர் உலோக உருளையைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்த கிலோகிராம், 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. எடையின் இலக்கணமே அவர் இல்லாத காலத்தில் மாறிவிட்டது.

ஆனால் மறுநாள் காலை மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு அதே ஒரு கிலோவாகத்தான் இருந்தது. அடிப்படை பெயரவில்லை; அதனைச் சொல்லும் முறை செம்மையுற்றது. அவருடைய அறிவும் அத்தகையதே. கருவியிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை செல்லும் மின்குறியை அவர் அன்று அளந்தார். இன்றும் ஆலைகளில் அந்தக் குறி ஓடுகிறது. பழையது எது, நிலைத்தது எது என்று பிரித்தறிவதே முதல் வேலை. நிலைத்ததை ஒருமுறை மீளப் படிக்க வேண்டும். மாறியதைப் புதிதாகக் கற்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணைந்து நடத்தும் என்.பி.டெல் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதிச் சான்றிதழும் பெறலாம். அண்மையில் பெற்ற அத்தகைய சான்றிதழ் தாளின் மேற்பகுதியில் இடம்பெற்றால், பத்தாண்டுக்குப் பின்னும் கை துருப்பிடிக்கவில்லை என்பதை அதுவே சொல்லிவிடும்.

திறன்களை எழுதும் இடத்திலும் ஆர்ஜவம் ஒரு நல்ல ஒழுங்கைத் தருகிறது. கையால் செய்தவை, முறையாகப் பயின்றவை, அறிமுகம் மட்டும் உள்ளவை என மூன்று வரிசை. 17025 தரநெறியின் புதிய பதிப்பு அவருக்கு இரண்டாம் வரிசையில் வரும். முதல் வரிசைக்கு அதனை ஏற்றக் கூடாது. எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் ஐந்து நிமிடம் தயங்காமல் பேச முடியுமா என்று தம்மைத் தாமே வினவ வேண்டும். பேச முடியாத வரியை நீக்கிவிட வேண்டும். மாலையில் அமர்ந்து அன்றைய குறைகளை எண்ணிப் பார்க்கும் பிரதிக்கிரமணப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதன்று.

தாளின் அமைப்பு எளியதாக இருக்கட்டும். மேலே பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், ஊர். திருமணத்திற்கு எழுதும் பயோடேட்டா வேறு, இது வேறு. இங்கே தந்தை பெயர், கணவர் பெயர், நட்சத்திரம், நிறம், உயரம் எவையும் தேவையில்லை. அதன்பின் மூன்று வரியில் சுருக்கம்: கருவியியல் பொறியாளர், அளவுத்திருத்த ஆய்வகத்தில் ஐந்தாண்டுப் பணி, பத்தாண்டு இடைவெளிக்குப் பின் புதிய தரநெறியைப் பயின்று முழுநேரப் பணிக்கு ஆயத்தம். பிறகு திறன்கள், அண்மைக் கல்வி, பணி அனுபவம், இடைவெளி, பட்டம். இரண்டு பக்கத்திற்கு மிகாமல் இருப்பது நன்று. பல நிறுவனங்களில் தாளை முதலில் படிப்பது கணினியே. கட்டங்களும் அலங்காரங்களும் அதனைக் குழப்பும். பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ் தொலைந்திருந்தால் வைப்பு நிதிக் கணக்கு விவரமும் சம்பளச் சீட்டும் துணை நிற்கும். முன்பு உடன் பணியாற்றிய ஒருவரையேனும் தேடிப் பேசிவிட வேண்டும். அவர் வாயிலாக வேலைச் செய்தியும் வரலாம், சான்றுரையும் கிடைக்கலாம்.

திரும்பி வருவோர்க்கென வாயில்களும் உண்டு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03இல் மகளிர் விஞ்ஞானியர் திட்டத்தைத் தொடங்கியது. பணி இடைவெளி கண்ட அறிவியல் மகளிர்க்கு ஆராய்ச்சி நிதி வழங்கியதோடு, அதன் ஒரு பிரிவு காப்புரிமைத் துறையில் பயிற்சியும் அளித்தது. டாடா குழுமம் 2008இல் இரண்டாம் பணிவாழ்வுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலேயே 2000ஆம் ஆண்டில் சௌந்தர்யா ராஜேஷ் நிறுவிய அவதார் நிறுவனம், பணியை விட்டு விலகிய மகளிரை மீண்டும் பணியில் அமர்த்துவதைத் தன் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. இடைவெளி என்பது இவ்விடங்களில் தடையாக இல்லாமல் தகுதியாகவே அமைந்தது.

இந்த மாநகரின் வரலாற்றில் ஒரு முன்னோடியும் இருக்கிறார். 1919இல் சென்னையில் பிறந்த அ. லலிதா பதினைந்து வயதில் மணமானவர்; பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். படிப்பு நின்றுபோன அந்தப் பெண் மீண்டும் படித்து, 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் பேசி இடம் பெற்றுத் தந்தார். பட்டச் சான்றிதழ் ஆடவருக்கென்றே அச்சிடப்பட்டிருந்தது. அதில் அவன் என்னும் சொல்லை அடித்து அவள் என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் அவர் பக்ரா நங்கல் அணைத்திட்டத்தின் மின்தொடர்களுக்கான வடிவமைப்பில் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானியரின் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். அச்சிட்ட தாள் அவருக்காக ஆயத்தமாக இருக்கவில்லை, தாள்தான் திருத்தப்பட்டது.

லலிதாவின் வரலாற்றில் குடும்பத்தின் பங்கு பெரிது. தந்தை துணை நின்றார்; உடன்பிறந்தோர் இல்லத்தில் குழந்தை வளர்ந்தது. இந்த அவையில் உள்ள மாமனார், மாமியார், கணவர் ஆகியோர் எண்ண வேண்டியதும் அதுவே. இத்தனை காலம் கழித்து யார் வேலை தருவார் என்ற ஒரு சொல், மூன்று வரைவு எழுதிய கையை முடக்கிவிடும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நெறியைப் போற்றும் இல்லங்களில் இன்னொரு கவலையும் எழும். மணலியில் ஐந்தரைக்கு வேலை முடிந்து வருபவர் எப்போது சமைப்பார், எப்போது உண்பார்? அவருக்கு மாலை உணவு ஒரு தூக்கில் சென்றுவிடலாம்; வீட்டில் இருப்போர் அடுப்பை ஏற்றலாம். நெறி காப்பது குடும்பம் முழுவதன் கடமை; ஒருத்தியின் வேலையைப் பலிகொடுத்து அதனைக் காக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாகக் கொண்ட அந்தப் பெண்மணி மூன்றாம் வரைவைத் தம் மாமியாரிடம் படித்துக் காட்டுவதாகக் கொள்ளலாம். இடைவெளி குறித்த வரி வந்ததும் மாமியார் நிறுத்தச் சொல்வார். அந்தப் பத்து வருஷம் எனக்காகப் போனது அம்மா, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறாய் என்பார். அதற்குப்பின் அந்தத் தாளை அனுப்புவதில் தயக்கம் ஏது? முதல் நிறுவனத்திலிருந்து விடை வராமல் போகலாம்; ஐந்தாவதிலிருந்து வரலாம். எங்கிருந்து வந்தாலும் நேர்காணல் அறையில் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகம் இராது. தாளில் உள்ளதும் மனத்தில் உள்ளதும் ஒன்றாக இருப்பவர்க்குப் பாடம் பண்ண எதுவும் இல்லை.

அறவாழி அந்தணன் அருளால் அனைவர் முயற்சியும் நிறைவெய்துக. ஜெய் ஜினேந்திர!